மூழ்கத் தெரிந்த கப்பல்: யு-505

நீர்மூழ்கி என்றால் எந்நேரமும் கடலுக்கடியிலேயே திரியும் என்றுதான் பலரும் நினைக்கிறோம். இரண்டாம் உலகப் போரின் ஜெர்மன் நீர்மூழ்கிகள் அப்படியல்ல. அவை கடல்மேல் ஓடும் கப்பல்கள். ஆபத்து வந்தால் சற்று நேரம் மூழ்கி ஒளியத் தெரிந்தவை, அவ்வளவுதான். அவற்றில் ஒன்றான யு-505 பட்ட பாடெல்லாம் இதனால் வந்ததே.

ஹாம்பர்க்கில் கட்டப்பட்டு 1941 ஆகஸ்டில் படையில் சேர்ந்த இதன் நீளம் 76.8 மீட்டர். மேலே டீசல் எஞ்சினில் 10 நாட் (மணிக்கு 10 கடல் மைல்) வேகத்தில் போனால் 13,000 கடல் மைலுக்கு மேல் தாங்கும். ஆனால் டீசல் எரியக் காற்று வேண்டுமே! அதனால் அடியில் பேட்டரியும் மின்மோட்டாரும்தான். 4 நாட் வேகத்தில் ஊர்ந்தாலும் 63 கடல் மைலில் சார்ஜ் தீர்ந்துவிடும். பிறகு மேலே வந்தே ஆக வேண்டும். அங்கே டீசல் எஞ்சின் அதே மோட்டாரைச் சுழற்றும். மோட்டார் மின்சாரம் உண்டாக்கும் டைனமோவாகி பேட்டரியை நிரப்பும்.

மூழ்கும் விதம் எளிது. பக்கவாட்டுத் தொட்டிகளின் மேல் வால்வைத் திறந்தால் காற்று வெளியேறும், அடித் துவாரம் வழியே கடல்நீர் ஏறும். மிதக்கையில் கப்பல் விலக்கும் நீர் 1,120 டன். மூழ்கியபின் 1,232 டன். இந்த 112 டன் வித்தியாசம்தான் மிதப்புக்கும் மூழ்கலுக்கும் இடையே உள்ள தூரம்.

யு-505 மொத்தம் 8 கப்பல்களை மூழ்கடித்தது. 1942 நவம்பரில் டிரினிடாட் அருகே மேலே ஓடிக்கொண்டிருந்தபோது பிரிட்டிஷ் ஹட்சன் விமானம் ஒன்று மிகத் தாழப் பறந்து குண்டு போட்டது. அந்த வெடிப்பிலேயே விமானமும் சிதறி, அதிலிருந்தவர்கள் இறந்தார்கள். நொறுங்கிய நீர்மூழ்கி தட்டுத்தடுமாறி, ஜெர்மனி பிடித்து வைத்திருந்த பிரான்சின் லோரியான் துறைமுகம் சேர்ந்தது. அங்கே பழுது பார்த்த பிரெஞ்சுத் தொழிலாளர்கள் சும்மா இருக்கவில்லை. ஒருமுறை எரிபொருள் தொட்டியில் பென்சில் பருமனில் ஒரு துளை; போகும் வழியெல்லாம் எண்ணெய்க் கோடு! எதிரிக்கு வழிகாட்ட அதுவே போதும்.

1943 அக்டோபர் 24 அன்று ஆழ்நீர்க் குண்டுகள் சுற்றிலும் வெடித்தன. நீர் காற்றைப்போல் அமுங்கிக் கொடுக்காது. அதிர்ச்சி அப்படியே இரும்புச் சுவரில் அறையும். அந்த இரைச்சலின் நடுவே தளபதி பீட்டர் செக் தன்னைத்தானே சுட்டுக்கொண்டார். உடனிருந்த மாலுமிகளின் மனநிலையை நினைத்தால் நெஞ்சு கனக்கிறது.

1944 ஜூன் 4. மேற்கு ஆப்பிரிக்கக் கரைக்கு அப்பால் கேப்டன் டேனியல் கேலரியின் அமெரிக்கக் கப்பல் அணி, ஒலியலையால் நீருக்கடியில் தேடும் சோனார் கருவியில் யு-505-ஐக் கண்டுகொண்டது. ஆழ்நீர்க் குண்டுகள் விழுந்த சில நிமிடங்களில் கப்பல் மேலே வந்தது. மாலுமிகள் அதைக் கைவிட்டு வெளியேறினார்கள். சுக்கான் ஒரு பக்கமாகச் சிக்கியிருக்க, ஆளில்லாமல் வட்டமடித்துக்கொண்டிருந்தது. ஏறிய அமெரிக்கர்களுக்குத் தெரிந்தது ஒன்றுதான்: உள்ளே வெடிகுண்டு வைத்திருக்கலாம், கப்பல் எக்கணமும் மூழ்கலாம். ஜெர்மானியர் கழற்றிவிட்டுப் போன ஒரு வடிகட்டியின் வாய் வழியே கடல் பீறிட்டுக் கொண்டிருந்தது. லூகோசியஸ் என்ற மாலுமி தேடி, மூடியைக் கண்டெடுத்து, திரும்பப் பொருத்தி இறுக்கினார். செய்திகளை ரகசியக் குறியீடாக மாற்றும் எனிக்மா கருவிகளும் குறியீட்டுப் புத்தகங்களும் கைக்கு வந்தன.

இனி உள்ளே நிறைந்த நீரை இறைக்க மின்சாரம் வேண்டும். ஆனால் டீசல் எஞ்சின் ஓடவில்லை. எர்ல் டிரோசினோ என்ற பொறியாளர் டீசல் எஞ்சினின் இணைப்பைத் துண்டித்துவிட்டு, கப்பலை வேகமாக இழுக்கச் சொன்னார். கடல்நீர் உந்துவிசிறிகளைச் சுழற்றியது, விசிறிகள் மோட்டாரைச் சுழற்றின, மோட்டார் டைனமோவானது. அட்லாண்டிக்கே பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்ற, நீர் இறைக்கும் பம்புகள் ஓடத் தொடங்கின.