மீனமும் மேஷமும் அரை மணி நேரமும்

இருபது ஆண்டுகளுக்கு முன் பினாங்கு லெபோ பாசார் பக்கம் ஒரு கடையில் கணினி ஜாதகம் எடுத்தேன். மீன லக்னம் என்று வந்தது. 'இரக்க குணம், கற்பனை வளம், பிறருக்காக விட்டுக்கொடுப்பவர், மனத்தில் உள்ளதை எளிதில் வெளிக்காட்டாதவர்.' என் மனைவி படித்துவிட்டு, "பக்கத்தில் இருந்து பார்த்து எழுதியது போல் இருக்கிறதே" என்றாள். எனக்கும் பெருமைதான்.

சென்ற மாதம் அம்மா அந்தத் தாளைப் புரட்டினார். "சூரியன் வருவதற்கு முன் பிறந்ததாகப் போட்டிருக்கிறதே? நீ பிறந்தபோது ஜன்னலில் வெயில் விழுந்துவிட்டது" என்றார்.

அம்மா சொன்னதுதான் சரி. என் பிறப்புப் பத்திரத்தில் 1979 ஏப்ரல் 13, காலை மணி 6.55 என்று இருக்கிறது. மலேசிய நேரம் என்றால் கிரீன்விச் நேரத்தைவிட 8 மணி நேரம் முன்னால் என்று மென்பொருள் கணக்கிட்டுவிட்டது. ஆனால் தீபகற்ப மலேசியாவில் அப்போது ஏழரை மணி நேர வித்தியாசம்தான். 1981 டிசம்பர் 31 இரவு 11.30க்குக் கடிகாரங்களை நள்ளிரவுக்குத் தள்ளிவைத்த பிறகுதான் அது எட்டானது. அதற்கு முன் இங்கே பிறந்தவர்கள் தங்கள் ஜாதகத்தை ஒருமுறை சரிபார்ப்பது நல்லது.

பிறந்த நேரத்தில் கிழக்கு அடிவானத்தில் எழும் ராசியே லக்னம். பூமி ஒரு சுற்றுச் சுற்றுவதற்குள் பன்னிரண்டு ராசிகளும் எழுந்துவிடுவதால், ஒவ்வொன்றுக்கும் ஏறக்குறைய இரண்டு மணி நேரம். உதய வேளையில் சூரியன் நிற்கும் ராசியே லக்னமாக இருக்கும். நான் பிறந்தது தமிழ்ப் புத்தாண்டுக்கு, அதாவது சூரியன் மேஷத்துக்குள் நுழையும் நாளுக்கு, முதல் நாள். சூரியன் மீனத்தின் கடைசிப் பகுதியில் இருந்தது. அது உதித்துக் கால் மணி நேரத்துக்குள் மீனம் முடிந்து மேஷம் எழுந்துவிட்டது. கணினியோ என்னை அரை மணி நேரம் முன்னதாக, உதயத்துக்கு முன்பே பிறக்க வைத்துவிட்டது.

மேஷத்துக்கான பலனை எடுத்துப் படித்தேன். 'துணிச்சல், முன்கோபம், பிடிவாதம், எதையும் உடனே முடிக்கும் வேகம்.' மனைவி கொஞ்சமும் தயங்கவில்லை. "இதுவும் நீங்கள்தான்."

1948இல் பெர்ட்ராம் ஃபோரர் என்ற அமெரிக்க உளவியலாளர் 39 மாணவர்களுக்கு ஆளுமைத் தேர்வு ஒன்று வைத்தார். தனித்தனி முடிவு என்று சொல்லி எல்லாருக்கும் ஒரே வாசகங்களைக் கொடுத்தார். பெரும்பாலும் கடையில் விற்கும் சோதிடப் புத்தகத்திலிருந்து எடுத்தவை. வெளியே கட்டுப்பாடு, உள்ளே கவலை என்ற ரகம். எவ்வளவு பொருந்துகிறது என்று கேட்டதற்கு மாணவர்கள் கொடுத்த சராசரி மதிப்பெண் ஐந்துக்கு 4.26.

பொருத்துகிற வேலையைச் செய்வது தாள் அல்ல, நினைவு. 'விட்டுக்கொடுப்பவர்' என்று படித்த மாத்திரத்தில், தம்பிக்குச் சைக்கிளைக் கொடுத்துவிட்டு நடந்து போன நாள் எனக்கு வருகிறது. 'பிடிவாதம்' என்றால் கொம்தார் கட்டடத்தில் கார் நிறுத்துமிடத்துக்காக நான் போட்ட சண்டை வருகிறது. முதல் சொல்லைப் படிக்கும்போது அந்தச் சண்டை ஏன் வருவதில்லை? ஒத்துப்போகும் சாட்சிகளைத்தான் மனம் கூப்பிடுகிறது. மறுக்கும் சாட்சிகள் வாசலிலேயே நிற்கின்றன.

சோதிடத்தை மட்டும் குறைசொல்லித் தப்பிக்க முடியாது. கோலாலம்பூரில் அலுவலகப் பயிற்சிகளில், முடிவை நான்கு எழுத்துகளில் சொல்லும் எம்.பி.டி.ஐ. (MBTI) என்ற ஆளுமைத் தேர்வு ஒன்று சுற்றுகிறது. கார்ல் யுங் 1921இல் எழுதிய கருத்துகளை வைத்து, உளவியல் பட்டம் பெறாத ஒரு தாயும் மகளும் உருவாக்கியது; மனிதர்களை 16 வகையாகப் பிரிக்கிறது. நான் முதலில் உள்முகன், அதாவது தனிமையை நாடுபவன்; ஒன்பது மாதம் கழித்து எழுதியபோது வெளிமுகன், கூட்டத்தை நாடுபவன். மாறியது இரண்டு மூன்று விடைகள்தான். பட்டர்வொர்த் பெர்ரிக்கு நிற்பவர்களை 165 சென்டிமீட்டரில் கோடு போட்டு நெட்டை, குட்டை என்று பிரித்தால் 164ம் 166ம் வேறு வேறு கூட்டம். 166ம் 190ம் ஒரே கூட்டம். பெரும்பாலோர் நடுப்பகுதியில் இருப்பதால், கோட்டருகே நிற்பவர்களே அதிகம். என் லக்னம் விழுந்ததும் இப்படி ஒரு கோட்டருகில்தான். இன்றைய உளவியலாளர்கள் அதிகம் நம்பும் ஐந்து பண்பு அளவுகோலில் பெட்டிகள் இல்லை. ஒழுங்கு, புறநாட்டம், இணக்கம் போன்ற ஒவ்வொன்றிலும் கூடுதல், குறைவு என்ற அளவு மட்டும் உண்டு. அதனால் அலுவலகச் சுவரில் ஒட்டுவதற்கு அது அவ்வளவாக உதவாது.

ஆனால் ஒன்று. அந்த இரண்டு தாள்களையும் மேசையில் வைத்து, என் கோபத்தைப் பற்றி நானும் மனைவியும் அன்றுதான் முதன்முதலாக ஒரு மணி நேரம் பேசினோம். 'மேஷக்காரர்' என்று தொடங்கினால் சொல்கிறவருக்கும் கூச்சம் இல்லை, கேட்கிறவருக்கும் சுருக்கென்று குத்துவதில்லை. தீபாவளிக்கு முதல் நாள் நான் கதவை அறைந்ததை அவள் அப்போதுதான் சொன்னாள். எந்தத் தேர்விலும் வராத தகவல் அது.

அம்மாவின் கவலை வேறு. "அப்படியானால் கல்யாணப் பொருத்தமும் தப்பா?" என்றார். பத்துப் பொருத்தமும் பார்ப்பது சந்திரன் நிற்கும் நட்சத்திரத்தையும் ராசியையும் வைத்து. ஒரு நட்சத்திரத்தின் அகலம் 13 பாகை 20 கலை (60 கலை ஒரு பாகை). அரை மணி நேரத்தில் சந்திரன் நகர்வது கால் பாகை அளவுதான். எனக்கு இரண்டு கணக்கிலும் சித்திரை நட்சத்திரம், துலா ராசி. தாளில் எழுதிக் காட்டினேன். அம்மா கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "அது போதும்" என்று தேநீர் கலக்கப் போனார்.