குவாண்டம் ஊடுருவல்: சொல் விளக்கம்

துகளின் ஆற்றல், அதை மறிக்கும் ஆற்றல் தடையான நிலையாற்றல் அரணின் உயரத்தைவிடக் குறைவாக இருந்தாலும், அது அரணுக்கு அப்பால் காணப்படுவதற்கு நிகழ்தகவு உண்டு. இதையே குவாண்டம் ஊடுருவல் என்கிறோம். இயற்பியலாளர்களான ஹுண்ட் 1927இல் மூலக்கூறுகளுக்கும், காமாவ் 1928இல் அணுக்கரு ஆல்ஃபா துகளை உமிழும் ஆல்ஃபா சிதைவுக்கும் இதைக் கொண்டு விளக்கம் தந்தனர். ஆங்கிலப் பெயரான 'டன்னலிங்', பீப்பாயைக் குறித்த பழைய பிரெஞ்சுச் சொல்வழி வந்த 'டன்னல்' என்பதிலிருந்து பிறந்தது.

அதைச் 'சுரங்க விளைவு' என்று பெயர்ப்பதுண்டு. சிலப்பதிகாரத்தின் 'சுருங்கை' மறைவழியைக் குறிக்கிறது. இன்றைய சேலத்திலோ, சுரங்கம் என்றதும் சேர்வராயன் மலையடிவாரத்தில் மாக்னசைட் என்னும் கனிமத்தை வெட்டியெடுத்த வெள்ளைப் பள்ளங்களே நினைவுக்கு வரும். அங்கே வழியுண்டாக மண்ணை அகற்ற வேண்டும். அதற்கு ஆற்றலும் செலவாகும். அரணைக் கடந்த எலக்ட்ரான் ஆற்றலை இழந்திருக்கும் என்று மாணவர்கள் எழுதும் பிழைக்கு இந்தப் பெயரும் துணைபோகிறது என்றே கருதுகிறேன்.

உண்மையில் அரண் சிதைவதில்லை. குவாண்டம் இயற்பியலில் துகளைக் குறிக்கும் ஒரே ஆற்றலுடைய அலை, இருபுறமும் அதே அலைநீளத்துடன், மறுபுறத்தில் வீச்சு மட்டும் குறைந்து நிற்கிறது. பல அலைநீளங்கள் சேர்ந்த அலைப்பொதியை அரணின்மீது செலுத்தினால், அது எதிரொளித்த பகுதியாகவும் கடந்த பகுதியாகவும் பிரியும். பிரிவது நிகழ்தகவே அன்றி எலக்ட்ரான் அன்று. ஆற்றல் மிகுந்த கூறுகளே எளிதில் கடப்பதால், கடந்த பொதியின் சராசரி ஆற்றல் தொடக்கத்தில் இருந்ததைவிடச் சற்று மிகுந்தே இருக்கும். குடைதல் என்னும் கருத்து இங்கு முற்றிலும் பொய்த்துவிடுகிறது.

அரணின் உயரம் 2 எலக்ட்ரான் வோல்ட், எலக்ட்ரானின் ஆற்றல் 1 எலக்ட்ரான் வோல்ட், அகலம் 0.5 நானோமீட்டர் எனில், கடக்கும் நிகழ்தகவு சுமார் 2.4 விழுக்காடு. அகலத்தை 1 நானோமீட்டராக்கினால் அது சுமார் 0.014 விழுக்காடாகச் சரியும். அடுக்குக்குறி முறையில் நிகழும் இந்தச் சரிவைக் கணக்கில் முதலில் மதிப்பிட்டுவிடுவது நல்லது.

ஊடு, உருவு என்னும் இரு சொற்கள் சேர்ந்த 'ஊடுருவு' என்பதற்கு ஒன்றின் உள்ளே புகுந்து மறுபுறம் வெளிப்படுதல் என்பது பொருள். எனவே அதுவே பொருத்தமான தமிழ்ச் சொல். ஆனால் படிக்கட்டுபோல் ஓரிடத்தில் உயர்ந்து, பின் முடிவில்லாது அதே உயரத்தில் நீளும் 'படி நிலையாற்றலில்', துகளின் ஆற்றல் அந்த உயரத்தைவிடக் குறைவாக இருந்தால், அலை சிறிது உள்ளே சென்றாலும் முழுமையாக எதிரொளிக்கிறது. மறுபுறம் என்று ஒன்று அங்கே இல்லை. அந்த இடத்தில், அலையின் வீச்சு ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்காகக் குறையும் தொலைவை 'உட்புகு ஆழம்' என்று எழுதுதல் வேண்டும். மேற்கண்ட அதே உயரத்துக்கும் ஆற்றலுக்கும் அதன் அளவு சுமார் 0.2 நானோமீட்டர்.