பெயரை மாற்றினால் போதுமா?

ஓர் ஊரின் கதையை அந்த ஊர் மக்களையே நடிக்கவைத்து, அதே மண்ணில் நாடகமாக்குவது என் தொழில். இதற்கு வரும் இளம் இயக்குநர்கள் பலர் "சம்மதம் வாங்கியாச்சு, பேரையும் மாத்தியாச்சு" என்கிறார்கள். அது போதாது.

மூடிக்கிடந்த ஓர் ஆலையின் முற்றத்தில் நாடகம் போட முனைந்திருந்தோம். அங்கே வேலை செய்த அக்கா ஒருவர், வேலைநிறுத்தத்தின்போது தன் தம்பி மட்டும் உள்ளே போனதையும், அதற்குப் பிறகு இருவருக்கும் பேச்சே அற்றுப்போனதையும் ஒலிப்பதிவில் சொல்லியிருந்தார். தம்பியை மைத்துனராக்கி, பெயர்களை மாற்றி எழுதினேன். பிரதியை வாசித்தபோது அந்தக் காட்சி முடியும்வரை மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"ஸ்டிரைக்ல உள்ள போனது ஒரே ஆளுதான். பேரை மாத்தினா ஊருக்குத் தெரியாதா?"

காட்சியை எடுத்துவிட்டேன். நாடகத்திலேயே வலுவான காட்சி அதுதான். எடுத்தது சரியென்றே இன்றும் நினைக்கிறேன். நாங்கள் விளக்குகளைக் கழற்றி லாரியில் ஏற்றிக் கிளம்பிவிடுவோம். அவர் அதே தெருவில், அதே மனிதர்கள் நடுவில் இருந்தாக வேண்டும்.

அன்றிலிருந்து சம்மதத்தை இரண்டு முறை கேட்கிறேன்: பதிவு செய்யும் நாளில் ஒருமுறை, நடிகர்கள் வாயால் அதைக் கேட்டபின் மறுமுறை. தன் பேச்சு இன்னொருவர் குரலில் எப்படி ஒலிக்கும் என்று முன்கூட்டியே யாருக்கும் தெரியாது. இரண்டாவது கேள்வியைச் சுவரொட்டி அச்சுக்குப் போகும் முன்பே கேட்டுவிடுங்கள். தேதி அறிவித்த பிறகு 'வேண்டாம்' என்று சொல்ல யாருக்கும் மனம் வராது.

இப்படிப் பிரதியை ஊர்க்காரர்கள் திருத்தத் திறந்துவைத்தால் கலை நீர்த்துப்போகும் என்பார்கள். 1977இல் கென்யாவின் காமிரீத்து கிராமத்தில் எழுத்தாளர் கூகி வா தியாங்கோவின் நாடகக் குழுவினர் ஊர் பார்க்கத் திறந்தவெளியில் ஒத்திகை நடத்தினார்கள். பார்த்தவர்கள் குறுக்கிட்டு வசனத்தைத் திருத்தினார்கள். அந்த நாடகம் நீர்த்துப்போகவில்லை. அரசு அதன் உரிமத்தைப் பறித்து, கூகியைச் சிறையில் அடைக்கும் அளவுக்கு வலுவாக இருந்தது. 1982இல் அரங்கையே இடித்தார்கள்.

எடுத்த காட்சியின் இடம் சில நாள் வெறுமையாகவே இருந்தது. பிறகு அந்த அக்காவே வந்தார். இயந்திர இரைச்சலில் பேச்சு எடுபடாததால் கையாலும் உதட்டாலும் பேசிக்கொள்வார்களாம். நடிகர்களை வரிசையாக நிறுத்திச் சொல்லிக்கொடுத்தார். மூக்கைத் தொட்டால் மேஸ்திரி வருகிறார். மணிக்கட்டைத் தட்டினால் ஷிப்ட் முடியப்போகிறது.