கோணலாக இருக்கிறது என்று வெட்டிவிடாதீர்கள்

சென்ற ஆண்டு ஷார்ஜாவில் எங்கள் பட்டறைக்கு ஒரு காஷ்காய் கம்பளம் வந்தது. ஈரானின் காஷ்காய் நாடோடிகள் கையால் முடிச்சுப் போட்டு நெய்தது, அங்கே ஷிராஸ் நகரில் வாங்கியது. ஒரு முனையைவிட மறுமுனை ஐந்து சென்டிமீட்டர் அகலம் கூடுதல். விரித்தால் சுவரோடு ஒட்டி நேராக நிற்கவில்லையே என்று வீட்டுக்காரர் ஒரு கடையில் கொடுத்திருக்கிறார். அவர்கள் பிதுங்கிய பக்கத்தைக் கத்தரித்து, மிஷினில் ஓரம் அடித்துத் தந்துவிட்டார்கள். இரண்டே மாதம். ஓரத்தைத் தொட்டால் முடிச்சுகள் துணுக்குத் துணுக்காகக் கையோடு வந்தன.

இருபது வருடமாகக் கம்பளம் கழுவுவதும் கிழிசல் நெய்வதும்தான் என் தொழில். பூச்சி அரித்தது, தண்ணீரில் ஊறியது எல்லாம் வரும். அதைவிட அதிகம் மனம் நோவது இப்படி 'சரிசெய்யப்பட்டு' வரும் கம்பளங்களைப் பார்க்கும்போதுதான்.

தறியில் நீளவாக்கில் இழுத்துக் கட்டுவது பாவு, குறுக்கே ஓடுவது ஊடை. இது தெரிந்தால் மீதி உடனே புரியும். ஊடை நூல் ஓர் ஓரம் வரை போய், அங்கே வளைந்து திரும்பி மறு ஓரத்துக்கு வருகிறது. அந்த வளைவுதான் பூட்டு. அதன்மேல் கம்பளியோ ஆட்டுமுடியோ சுற்றிக் கட்டுவார்கள். ஈரானியர்கள் அதை ஷீராஸே என்பார்கள். ஓரத்தை வெட்டினால் எத்தனை வரிசை உண்டோ அத்தனை பூட்டும் ஒரே நேரத்தில் உடைகிறது. குஞ்சமும் அப்படித்தான். அது அழகுக்குத் தைத்தது இல்லை, பாவு நூலின் முனையே அதுதான். அழுக்காகிவிட்டது என்று குஞ்சத்தை வெட்டுவது முதல் வரிசை முடிச்சுகளைப் பிரித்துவிடுவதற்குச் சமம்.

சரி, கோணல் ஏன் வருகிறது? காஷ்காய் மக்கள் தெற்கு ஈரானின் பார்ஸ் மாகாணத்தில் ஆடு மேய்த்துப் பிழைத்தவர்கள், துருக்கிய மொழிக் குடும்பத்தைச் சேர்ந்த ஒரு மொழியைப் பேசுபவர்கள். குளிர்காலத்தில் வளைகுடாப் பக்கத்துத் தாழ்நிலம், அதற்குப் பெயர் கரம்சீர். வெயில் ஏறினால் வடக்கே ஜாக்ரோஸ் மலைச் சரிவு, அது சர்த்சீர். அவர்களின் தறி தரையில் படுத்திருக்கும்: நான்கு முளை, இரண்டு கட்டை, அவ்வளவுதான். கூடாரத்தைக் கிளப்பும் நாளில் முளையைப் பிடுங்கி, பாதி நெய்த கம்பளத்தைக் கட்டையோடு சுருட்டிக் கழுதைமேல் ஏற்றிவிடுவார்கள். புது இடத்தில் மறுபடி முளை அடித்து இழுத்துக் கட்டும்போது பாவின் விறைப்பு முன்போல் இருக்காது. அகலம் கொஞ்சம் ஏறும், இல்லை இறங்கும். எனக்குத் தொழில் சொல்லித்தந்த உஸ்தாத் ஷிராஸ்காரர். ஓரத்தில் விரலை ஓட்டிப் பார்த்து, "இந்த இடத்தில் கூடாரம் மாறியிருக்கிறது" என்பார். இன்று பெரும்பாலான குடும்பங்கள் ஊரில் நிலைத்துவிட்டன. பார்ஸ் மாகாணத்தின் இந்த நெசவுத் திறனை யுனெஸ்கோ 2010-இல் மனிதகுலப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது.

அடுத்த புகார் நிறம். சிவப்புத் தரை நெய்துகொண்டே வந்து, ஒரு வரிசையிலிருந்து திடீரென்று செங்கல் நிறமாக மாறியிருக்கும். இதற்கு அப்ராஷ் என்று பெயர். பெண்கள் தக்ளியில் நூற்ற நூல் ஓரிடத்தில் தடிப்பாகவும் ஓரிடத்தில் மெலிவாகவும் இருக்கும். சாயத்தை ஒரே அளவில் குடிக்காது. ருனாஸ் என்ற செடியின் வேரில் சிவப்பு, அவுரியில் நீலம், மாதுளைத் தோலில் மஞ்சள் என்று சின்னச் சின்னப் பானைகளில் காய்ச்சுகிறார்கள். அடுத்த பானை முந்தைய பானையைப்போல் வராது. இந்த வித்தியாசத்தைச் சமப்படுத்தித் தருகிறேன் என்று யாராவது பிளீச் போட்டால் கம்பளத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள். ஒரு கம்பளி இழையைக் குளோரின் பிளீச்சில் இரவு முழுக்க ஊறவிட்டுப் பாருங்கள், காலையில் இழை கரைந்து போயிருக்கும்.

பழைய கம்பளத்தில் இன்னொன்றும் பார்க்கலாம். கண்ணை மூடிக்கொண்டு உள்ளங்கையால் தடவினால் கறுப்பு, அடர்பழுப்புக் கோடுகள் மட்டும் பள்ளமாகத் தட்டுப்படும். அந்தச் சாயத்தில் சேர்த்த இரும்பு, வருடக்கணக்கில் கம்பளியைத் தின்றுவிடுகிறது. பூச்சி அரித்தது என்று நினைத்துப் பயப்பட வேண்டாம்.

உருவங்களும் அப்படியே. பெரும்பாலும் வரைபடத் தாள் இல்லை. அம்மா நெய்ததைப் பார்த்து மகளின் விரலுக்கு வந்தது. நம் பட்டுச்சேலையில் மாங்காய் என்போமே, ஏறக்குறைய அதே வளைவை அங்கே போத்தே என்கிறார்கள். வரிசையாகப் பத்து ஆடு நின்றால் ஒன்றுக்குக் கால் குட்டையாக இருக்கும். கடவுள் மட்டுமே குறையற்றவர், அதனால் வேண்டுமென்றே ஒரு பிழை வைக்கிறார்கள் என்று கடைகளில் ஒரு கதை சொல்வார்கள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. நீளத்திலும் அகலத்திலும் பத்து சென்டிமீட்டருக்கு முப்பது முடிச்சு என்று வைத்தாலும் ஒரு சதுர மீட்டருக்கு 90,000 முடிச்சு. பிள்ளையையும் ஆட்டையும் கவனித்துக்கொண்டே மனக்கணக்கில் நெய்கிறவருக்கு ஒரு கால் குட்டையாவதற்குத் தனிக் காரணம் எதற்கு?

வாங்கும்போது முடிச்சு எண்ணிக்கையை மட்டும் கேட்டு ஏமாறாதீர்கள். நாடோடிகளின் கப்பே கம்பளத்தில் முடிச்சு குறைவுதான். குளிருக்கு விரித்துப் படுக்க நெய்தது, தடித்துத்தான் இருக்கும். முதலில் கம்பளத்தைத் திருப்புங்கள். முன்பக்க உருவம் பின்பக்கமும் முடிச்சு முடிச்சாகத் தெரிய வேண்டும். பின்னால் துணி ஒட்டியிருந்தால், அது பெரும்பாலும் துப்பாக்கி போன்ற கருவியால் நூலைக் குத்தி ரப்பர் பசை தடவியது. அதையும் 'கைவேலை' என்று சொல்லி விற்கிறார்கள். குஞ்சம் தனியாகத் தைத்திருக்கிறதா என்று பாருங்கள். அப்புறம், வெள்ளைப் பருத்தித் துணியை நனைத்து ஓர் ஓரத்தில் அழுத்தித் தேயுங்கள். துணியில் நிறம் ஏறினால் யோசித்து வாங்குங்கள்.

வீட்டில் பெரிய பராமரிப்பு ஒன்றும் வேண்டாம். சோபாவுக்கு அடியில் இருட்டில் கிடக்கும் பகுதியைத்தான் அந்துப்பூச்சிப் புழு தேடிப் போகும். அவ்வப்போது திருப்பிப் போட்டாலே போதும். எடுத்து வைப்பதென்றால் மடிக்காமல் சுருட்டி, பிளாஸ்டிக்கில் இல்லாமல் பருத்தித் துணியில் சுற்றுங்கள். காபி கொட்டினால் தேய்க்கக் கூடாது, துணியால் ஒற்றியெடுங்கள்.

முதலில் சொன்ன அந்தக் காஷ்காய் கம்பளத்துக்கு மிஷின் தையலைப் பிரிக்கவே நான்கு நாள் ஆனது. உடைந்த ஊடை ஒவ்வொன்றிலும் புது இழை கோத்து, புதிதாக ஷீராஸே கட்டினோம். கழன்ற முடிச்சுகளை மறுபடி போட்டோம். போன ஐந்து சென்டிமீட்டரை மட்டும் திரும்பக் கொண்டுவர முடியவில்லை. அந்தக் கரையில் மேலிருந்து பார்த்துக்கொண்டே வந்தால் முதலில் முழுப் பூ, நடுவில் அரைப் பூ, கடைசியில் இதழ்கூட இல்லை.