கூரையில் சோலார் இருந்தால் மட்டும் பயிற்சி முகாம் பசுமையாகிவிடாது

பகுதிநேர வீரர்களுக்கான பயிற்சி முகாம் வரைபடம் ஒன்று போன வாரம் என்னிடம் வந்தது. குளத்தை ஒட்டிய வயலில் மண்ணடித்து, முழுக்கக் கான்கிரீட் போட்ட அணிவகுப்பு மைதானம். கூரை நிறைய சோலார். தலைப்பில் 'பசுமை வளாகம்'. நாகர்கோவிலில் கட்டட வடிவமைப்பு செய்யும் எனக்கு இப்படி வருவது முதல்முறையல்ல. பொறுமை போய்விட்டது.

சோலார் வேண்டாம் என்று நான் சொல்லவே இல்லை. அதுவே எல்லாவற்றுக்கும் பதில் என்று நினைப்பதுதான் தப்பு. பகுதிநேர ராணுவமான டெரிட்டோரியல் ஆர்மியில் இருப்பவர்களுக்கு வேறு வேலை உண்டு. ஆண்டில் சில வாரங்கள்தான் சீருடை. என்.சி.சி. ஆண்டு முகாம் என்றாலும் பத்து நாள்தான். அதாவது இந்தக் கட்டடம் மாதக்கணக்கில் பூட்டிக் கிடக்கும், பிறகு ஒரே நாளில் 200 பேர் வந்து இறங்குவார்கள். பூட்டிய கட்டடத்தில் பேட்டரியோடு வைத்த சோலார் யாருக்கு? மிச்ச மின்சாரத்தை மின்வாரியத்துக்கு அனுப்பிக் கணக்கில் கழிக்கும் நெட் மீட்டர் வைத்தால் சரி, பயன் உண்டு. அப்போதும் தூர்த்த வயலுக்கு அது ஈடாகாது.

முதலில் தண்ணீரைக் கணக்குப் போடுங்கள். ஆளுக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் என்றால் 200 பேருக்கு 27,000 லிட்டர். பத்து நாளுக்கு 2.7 லட்சம். 1,000 சதுர மீட்டர் கூரையில் 100 மி.மீ. மழை பெய்தால் விழுவது 1 லட்சம் லிட்டர். தென்மேற்கு, வடகிழக்கு என இரண்டு பருவமழையும் கிடைக்கிற மாவட்டத்தில் இருந்துகொண்டு இதைச் சாக்கடையில் விடுகிறோம்.

ஆளில்லாத மாதங்களில் கழிவறை வளைகுழாய்களில் நாற்றத்தைத் தடுத்து நிற்கும் நீர் வற்றிவிடும். உள்ளே நுழைந்தாலே நாற்றம். வாரம் ஒருமுறை தண்ணீர் ஊற்ற ஒருவரை நியமியுங்கள், அவ்வளவுதான். செப்டிக் டேங்கை சராசரி ஆள் கணக்கில் கட்டாதீர்கள், முகாம் நாள் கணக்கில் கட்டுங்கள். துப்பாக்கிச் சுடுதளம் இருந்தால் குண்டுகளின் ஈயம் அதன் மண்ணில் சேரும். அங்கிருந்து வழிந்தோடும் மழைநீர் குளத்துக்குப் போகவே கூடாது.

காற்றையும் மறக்காதீர்கள். 2017 ஒக்கிப் புயலில் இங்கே தகரக் கூரைகள் பறந்ததைப் பார்த்த பிறகும் கூரையைப் பிடிக்கும் கொக்கிப் போல்ட்டை எண்ணி எண்ணிப் போடுகிறார்கள். திருவிதாங்கூர்ப் படைக்கு ஐரோப்பிய முறைப் பயிற்சி கொடுத்த டி லனாயின் கல்லறை உதயகிரிக் கோட்டையில் இருக்கிறது. அதைப் பார்க்கப் போனால் பக்கத்திலேயே பத்மநாபபுரம் அரண்மனைக்கும் போய் வாருங்கள். அந்தக் கூரைச் சரிவும், இறக்கிவிட்ட தாழ்வாரமும், காற்றோட்டமும் தங்கும் கூடங்களுக்கு அப்படியே பொருந்தும். பூட்டிக் கிடந்தாலும் மெத்தையில் பூசணம் பிடிக்காது.

மைதானத்தைக் கான்கிரீட் போட்டு மூடாதீர்கள். அணிநடைக்குக் கெட்டித்த செம்மண் போதும், ஓரத்தில் வடிகால் வையுங்கள். வயலைத் தொடாதீர்கள், உங்களைக் கெஞ்சிக் கேட்கிறேன். இடம் முடிவாகும் முன் நல்ல மழைநாளில் ஒருமுறை போய் நில்லுங்கள். தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும் என்று பக்கத்து வயல்காரரிடம் கேளுங்கள். அப்புறம் என்னிடம் வாருங்கள்.