பச்சைத் தண்ணி பல்லில் படலை

மத்தியானம் பன்னிரண்டரைக்குச் சோறு, வெண்டைக்காய்ப் புளிக்குழம்பு, கடைசியில் மோர். அத்தை தட்டை வழித்துச் சாப்பிட்டார். கை கழுவிவிட்டு நாற்காலியில் உட்கார வைத்தேன். ஒரு மணிக்கு வாசலில் பேச்சுக்குரல். போய்ப் பார்த்தால் எதிர்வீட்டு அக்காவிடம் சொல்லிக்கொண்டிருக்கிறார்: “காலையிலேர்ந்து பச்சைத் தண்ணி பல்லுல படலைம்மா. இந்த வீட்டுல யாரு கேக்கறா?”

அந்த அக்கா என்னைப் பார்த்த பார்வையை மறக்க எனக்கு நாளாயிற்று.

மறதி நோய் வந்தவரைப் பார்த்துக்கொள்ளும் மருமகள், மகள், மகன் பலருக்கும் இந்தப் பழி ஒருநாள் வந்து சேர்கிறது. “வேணும்னே சொல்றாங்க” என்று வீட்டுக்குள்ளேயே பேச்சு கிளம்பும். அத்தை வேண்டுமென்று சொல்லவில்லை. அவரைப் பொறுத்தவரை அந்தச் சாப்பாடு நடக்கவே இல்லை. இது எப்படி என்று படித்துத் தெரிந்துகொண்ட பிறகுதான் என் கோபம் இறங்கியது.

ஒரு வேளை சாப்பிடும்போது குழம்பின் வாசனையை மூளையின் ஒரு பகுதி வாங்குகிறது, தட்டின் நிறத்தை இன்னொன்று, எதிரே இருப்பவரின் பேச்சை வேறொன்று. எல்லாம் உதிரிப்பூ. அவற்றைச் சேர்த்துக் கட்டி ‘இன்று மத்தியானம் நான் சாப்பிட்டேன்’ என்று ஒரு சரமாக்கித் தரும் உறுப்புக்கு ஹிப்போகாம்பஸ் என்று பெயர். மூளையின் இரு பக்கமும், காதுக்கு நேர் உள்ளே, கடல்குதிரைபோல வளைந்து கிடக்கிறது. மறதி நோயில் அதிகம் காணப்படும் வகையான அல்சைமர் நோயில் டாவ் என்ற புரதம் நரம்பணுக்களுக்குள் முறுக்கேறிச் சிக்காகப் படிகிறது. அந்தச் சிக்கு பெரும்பாலும் முதலில் பிடிப்பது ஹிப்போகாம்பஸின் வாசலாக இருக்கும் பகுதியையும், அடுத்து ஹிப்போகாம்பஸையும்தான். பூ வந்துகொண்டே இருக்கிறது, கட்டுவதற்குத்தான் ஆளில்லை.

ஐம்பது வருடத்துக்கு முந்தைய கல்யாணப் பந்தியில் என்னென்ன பரிமாறினார்கள் என்று அத்தை வரிசையாகச் சொல்வார். “அது ஞாபகம் இருக்கு, இப்ப சாப்பிட்டது மறந்துடுச்சா?” என்று உறவினர்கள் சந்தேகப்படுவது இங்கேதான். பழைய நினைவுகள் எத்தனையோ முறை சொல்லிச் சொல்லி மூளையின் மேற்பரப்பு முழுக்க வேர்விட்டவை. ஹிப்போகாம்பஸின் தயவு அவற்றுக்கு அதிகம் தேவையில்லை. புதியது முதலில் போகும், பழையது கடைசிவரை நிற்கும் என்று பிரெஞ்சு உளவியலாளர் தியோடூல் ரிபோ 1881-லேயே எழுதிவிட்டார்.

நினைவு போகட்டும், வயிறு நிறைந்திருப்பதுகூடவா தெரியாது? நானும் இதைக் கேட்டேன். அமெரிக்க உளவியலாளர் பால் ரோசினும் அவரோடு பணியாற்றியவர்களும் 1998-ல் இதற்கு ஒரு விடை தந்தார்கள். புது நினைவு பதியாத இரண்டு பேருக்கு மதியச் சாப்பாடு கொடுத்தார்கள். முடித்து 10 முதல் 30 நிமிடத்துக்குள் இன்னொரு சாப்பாடு. சாப்பிட்டார்கள். மூன்றாவதாக வைத்தபோதும் பெரும்பாலும் கைவைக்கத் தொடங்கினார்கள். போதும் என்று நாம் எழுந்திருப்பதில் வயிற்றுக்கு எவ்வளவு பங்கோ, ‘இப்போதுதானே சாப்பிட்டோம்’ என்ற நினைவுக்கும் அப்படி ஒரு பங்கு இருக்கிறது.

இதெல்லாம் தெரியாமல் அத்தையின் பழிக்கு நான் பல மாதம் செய்தது வாக்குவாதம். “இப்பதானே சாப்பிட்டீங்க அத்தை, குழம்பு நல்லாருக்குன்னு சொன்னீங்களே” என்று சாட்சி சொல்வேன். அவர் முகம் சுருங்கும். என்னை அதிகம் உலுக்கியது 2014-ல் அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தில் செய்த ஆய்வு. அல்சைமர் நோயாளிகள் 17 பேருக்குச் சோகமான படக்காட்சிகளையும் சிரிக்க வைக்கும் காட்சிகளையும் தனித்தனியாகக் காட்டினார்கள். சற்று நேரத்தில் காட்சி மறந்துபோனது, மனநிலை மாறவில்லை. காட்சியை எவ்வளவு குறைவாக நினைவில் வைத்திருந்தார்களோ, அவ்வளவு நீண்ட நேரம் சோகம் நீடித்தது. காரணம் தெரிந்த துக்கத்துக்கு நாம் சமாதானம் சொல்லிக்கொள்ளலாம். காரணம் தொலைந்த துக்கத்துக்கு எதைச் சொல்வது?

அப்படியானால் என் வாக்குவாதத்தில் அத்தையிடம் மிஞ்சியது என்ன? நான் சொன்ன சாட்சி ஐந்து நிமிடத்தில் போய்விடும். மனசு நொந்தது நிற்கும். அந்த நோவுக்கு ஒரு காரணம் வேண்டுமே என்று மூளை தேடும்போது கைக்குக் கிடைப்பது, ‘இவள் எனக்குச் சோறு போடவில்லை’. அந்தப் பழியை நானே கொஞ்சம் வளர்த்திருக்கிறேன் என்றுதான் நினைக்கிறேன்.

இப்போது நான் மறுத்துப் பேசுவதில்லை. “பசிக்குதா அத்தை? இதோ வந்துட்டேன்” என்று அரை டம்ளர் மோரோ பப்பாளித் துண்டோ கொண்டுபோய்க் கொடுக்கிறேன். மத்தியானச் சோற்றில் கொஞ்சத்தை இதற்கென்றே எடுத்துவைத்துவிடுவேன். சர்க்கரை இருப்பதால் கணக்குத் தப்பக் கூடாது. சாப்பிட்ட தட்டை உடனே கழுவுவதும் இல்லை. கண்ணெதிரே இருந்தால் சில நாள் அதுவே நினைவாக நிற்கிறது.

சாப்பிட்ட கையோடு மடியில் மல்லியும் வாழைநாரும் வைத்துவிடுவது இன்னொரு வழி. இன்று என்ன கிழமை என்று தெரியாத அத்தையின் விரல்கள் இந்தப் பக்கம் இரண்டு, அந்தப் பக்கம் இரண்டு என்று பூவை வைத்து, நாரைச் சுற்றி, முடிச்சை இழுத்துக்கொண்டே போகும். கைவேலைக்கான நினைவு வேறு இடத்தில், மூளையின் அடியாழத்திலும் சிறுமூளையிலும் இருக்கிறது. 1953-ல் வலிப்புக்காக ஹென்றி மொலேசன் என்பவருக்கு இரு பக்க ஹிப்போகாம்பஸிலும் ஒரு பெரிய பகுதியை வெட்டி எடுத்தார்கள். கண்ணாடியைப் பார்த்து நட்சத்திரம் வரையும் பயிற்சியை உளவியலாளர் பிரெண்டா மில்னர் அவருக்குக் கொடுத்தார். வரைந்த ஞாபகமே இல்லாமல் நாளுக்கு நாள் அவர் நன்றாக வரைந்தார்.

இரண்டு எச்சரிக்கை. ஒன்றிரண்டு நாளில் திடீரென்று குழப்பம் கூடினால் அதை மறதி நோயின் கணக்கில் எழுதாதீர்கள். சிறுநீர்த் தொற்று, மலச்சிக்கல், புதிதாகத் தொடங்கிய மாத்திரை என்று காரணம் வேறாக இருக்கலாம். டாக்டரிடம் உடனே காட்டுங்கள். இன்னொன்று, “சாப்பிடலை” என்பது மெய்யாகவும் இருக்கலாம். நோய் முற்ற முற்றச் சாப்பிடவே மறக்கும், விழுங்கச் சிரமப்படும் கட்டம் வரும். மாதம் ஒருமுறை எடை பார்த்துக் குறித்துவையுங்கள்.

இந்தியாவில் 60 வயதைக் கடந்தவர்களில் 7.4 சதவீதம், சுமார் 88 லட்சம் பேருக்கு மறதி நோய் இருப்பதாக 2023-ல் வெளியான தேசிய அளவிலான ஆய்வு மதிப்பிட்டது. யாரிடம் கேட்பது என்று திகைப்பவர்கள் முதியோருக்கான 14567 என்ற கட்டணமில்லா எண்ணில் கேட்கலாம்.

எதிர்வீட்டு அக்காவிடம் ஒருநாள் உட்கார்ந்து இதையெல்லாம் சொன்னேன். உதிரிப்பூவும் சரமும் என்று சொன்னதும் பிடித்துக்கொண்டார். போன வாரம் அத்தை மறுபடி வாசலுக்குப் போய்ப் பச்சைத் தண்ணிக் கதையை ஆரம்பித்தார். அந்த அக்கா என் பக்கம் திரும்பவே இல்லை. “ஐயய்யோ, அப்படியா பெரியம்மா? வாங்க, உக்காருங்க” என்று திண்ணையில் உட்கார வைத்து, பாதி வாழைப்பழத்தை உரித்துக் கையில் கொடுத்தார்.