கண்ணாடி நூலில் நெய்த கதவு: தீத்திரை எப்படி வேலை செய்கிறது?

காத்தான்குடிப் பிரதான வீதியிலும் கல்முனைக் கடைத்தெருவிலும் இப்போது எழும்பும் புடவைக் கடைகள் பலவற்றுக்கு ஒரே அமைப்புத்தான். இரண்டு மூன்று மாடி, நடுவில் அகலமான படிக்கட்டு, அதைச் சுற்றிக் கூரைவரை திறந்த வெளி. கீழே நின்றபடியே மேல்மாடியில் தொங்கும் கல்யாணச் சேலையைப் பார்த்துவிடலாம். வியாபாரத்துக்கு அது வசதி. தீப்பிடித்தால் ஆபத்து தொடங்குவதும் அந்தத் திறந்த வெளியில்தான்.

கீழ்த்தளத்து மூலையில் ஒரு துணிக்கட்டு பற்றிக்கொண்டது என்று வைத்துக்கொள்வோம். சூடான புகை காற்றைவிட இலேசானது, அது நேரே மேலே போகும். மேல்மாடியில் நிற்பவர்கள் தீயைக் காணுமுன்பே புகை அவர்களிடம் வந்துவிடும். பொலியெஸ்டரும் நைலோனும் எரிந்தால் வரும் புகை கறுப்பு. அதில் காபனோரொட்சைட்டு என்ற நச்சுவாயு கலந்திருக்கும். அவர்கள் இறங்கி ஓட வேண்டிய அதே படிக்கட்டில்தான் அது ஏறி வருகிறது. கூரைக்கடியில் தேங்கும் புகையின் வெப்பநிலை ஏறத்தாழ 600 பாகை செல்சியஸை எட்டியதும், அது கீழ்நோக்கி வீசும் வெப்பத்திலேயே அந்தத் தளத்திலுள்ள மற்றத் துணிகள் எல்லாம் ஒன்றாகப் பற்றிக்கொள்ளும். அதற்குப் பிறகு அந்தத் தளத்தில் யாரும் உயிரோடு இருக்க முடியாது.

படிக்கட்டைச் சுற்றிச் சுவர் எழுப்பி, தீக்கதவு பூட்டுவதுதான் பழைய, நம்பகமான வழி. இடம் இருப்பவர்கள் அதைத்தான் செய்ய வேண்டும் என்பது என் கருத்து. ஆனால் ஆறு மீற்றர் அகலத் திறப்பைச் சுவரால் மறைக்க எந்தக் கடைக்காரரும் உடன்பட மாட்டார். அந்த அகலத்துக்கு இரும்புச் சட்டர் போட்டால் பாரம் அதிகம், சுருட்டி வைக்கப் பெரிய பெட்டியும் வேண்டும். தீத்திரை இங்கேதான் பயன்படுகிறது. மேலே ஓர் உருளையில் சுருட்டி வைத்த துணிக் கதவு அது. சாதாரண நாட்களில் கூரையோடு ஒட்டிய நீளமான உருக்குப் பெட்டிக்குள் கிடக்கும். புகையுணரியிலிருந்து எச்சரிக்கை வந்ததும், இரு பக்கமும் நிறுத்திய பள்ளம் விட்ட சட்டங்களுக்குள் ஓரங்கள் ஓட, துணி இறங்கி நிலத்தைத் தொடும்.

ஆயிரம் பாகையை நெருங்கும் தீக்கு முன்னால் ஒரு துணி எப்படி நிற்கும் என்று கேட்பீர்கள். அந்தத் துணியே கண்ணாடியால் ஆனது.

கையளவு துண்டொன்றை எடுத்துப் பாருங்கள். தடிப்பு ஒரு மில்லிமீற்றருக்கும் குறைவு. மேற்பூச்சின் நிறம் சாம்பல். வெட்டிய ஓரத்தில் மினுங்கும் இழைகள் பிரிந்து நிற்கும். தொட்டால் விரல் அரிக்கும். அந்த இழை ஒவ்வொன்றும் உருகிய கண்ணாடியை நுண்துளைகள் வழியே இழுத்து எடுத்தது. விட்டம் 9 மைக்ரோன் அளவு, தலைமயிரின் ஏழில் எட்டில் ஒரு பங்கு. மருதமுனைத் தறியில் சாரத்துக்குப் பாவு பூட்டி ஊடு ஓட்டுவதுபோலத்தான் இதையும் நெய்கிறார்கள். பருத்திக்குப் பதில் கண்ணாடி, அவ்வளவுதான்.

கண்ணாடி வளையாதே, உருளையில் எப்படிச் சுற்றுவது? ஒரு பொருளை வளைக்கும்போது அதன் வெளிப்பக்கம் நீள வேண்டியிருக்கும். எவ்வளவு நீள வேண்டும் என்பது தடிப்பைப் பொறுத்தது. 4 மில்லிமீற்றர் யன்னல் கண்ணாடியை 80 மில்லிமீற்றர் விட்டமுள்ள உருளையில் சுற்ற நினைத்தால் அதன் வெளிப்பக்கம் 5 சதவீதம் நீள வேண்டும். அதற்கு வெகுமுன்னரே அது உடைந்துவிடும். 9 மைக்ரோன் இழை அதே உருளையில் நீள வேண்டியது சதவீதத்தில் நூறில் ஒரு பங்கு மட்டுமே. பொருள் ஒன்றுதான், மெலிவு அதை வளைய வைக்கிறது.

கண்ணாடி எரியாது, ஆனால் இளகும். சாதாரணக் கண்ணாடி இழை 840 பாகை அளவில் இளகத் தொடங்குகிறது. தீத்தடுப்புச் சோதனை உலைகளைப் பல நாடுகளில் ஒரே வெப்பநிலை வளைவின்படி சூடாக்குகிறார்கள்: 5 நிமிடத்தில் 576 பாகை, 30 நிமிடத்தில் 842, ஒரு மணித்தியாலத்தில் 945, இரண்டு மணித்தியாலத்தில் 1049. ஆகவே வெறும் கண்ணாடித் துணியை நம்பி நெடுநேரம் நிற்க முடியாது. நெசவிலேயே துருப்பிடிக்காத உருக்கின் மெல்லிய கம்பியை நூலோடு சேர்த்துவிடுகிறார்கள். அந்த உருக்கு உருக ஏறக்குறைய 1400 பாகை வேண்டும். கண்ணாடி இளகித் தளர்ந்தாலும் கம்பி வலை அதைத் தாங்கிக்கொள்ளும். மடிப்பு, மூட்டுத் தையல்களுக்கும் உருக்கு நூல்தான் வேண்டும். பொலியெஸ்டர் நூலால் தைத்தால் முதல் சில நிமிடங்களிலேயே தையல் போய், துணி தனித் துண்டுகளாகத் தொங்கும். மேலே பூசும் சிலிக்கோன் அல்லது பொலியூரேதேன் நெசவின் நுண்துளைகளை அடைத்துப் புகையைத் தடுக்கிறது. தீ பட்ட பக்கத்தில் அது எரிந்துபோகும். போகும்போது கொஞ்சம் புகையும் விடும்.

இனி இறங்கும் விதம். இந்தத் திரையின் உண்மையான கெட்டித்தனம் இதில்தான் இருக்கிறது என்று நினைக்கிறேன். மின்சாரம் திரையை இறக்குவதில்லை, மேலே பிடித்து வைத்திருக்கிறது. உருளைக்குள் 24 வோல்ற் மோட்டார் ஒன்று இருக்கும்; மின்னோட்டம் உள்ளவரை அதன் பிரேக் உருளையைப் பூட்டி வைக்கும். எச்சரிக்கை வந்தாலும், வயர் எரிந்தாலும், மின்சாரம் அடியோடு நின்றாலும் பிரேக் விடுபடும். துணியின் அடியில் கோத்த உருக்குச் சட்டத்தின் பாரம் திரையைக் கீழே இழுக்கும். புவியீர்ப்பை யாரும் வெட்டிவிட முடியாது. ஆறு மீற்றர் அகலமும் மூன்று மீற்றர் உயரமுமான திரையில் துணியின் எடை 15 கிலோ அளவுதான், அதனால் இதெல்லாம் சாத்தியமாகிறது.

தடையில்லாமல் விட்டால் மூன்று மீற்றர் உயரத்திலிருந்து அந்தச் சட்டம் ஒரு செக்கனுக்குள் கீழே வந்து அடியில் நிற்பவரின் தலையில் விழும். அதையும் அதே மோட்டார் தடுக்கிறது. விழும் திரை உருளையைச் சுற்ற, மோட்டார் மின்பிறப்பாக்கியாக மாறுகிறது. அந்த மின்னோட்டத்தை ஒரு தடையி வழியே ஓட விட்டால், லென்சின் விதிப்படி அது சுழற்சியை எதிர்க்கும். உருளை வேகமாகச் சுற்றினால் எதிர்ப்பும் கூடும். ஆகவே வேகம் ஓர் அளவுக்கு மேல் போகாது. உயர்தரத்தில் பௌதிகவியல் படிக்கும் பிள்ளைகளுக்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைப்பது அரிது. வெளி மின்சாரம் எதுவுமில்லாமலே திரை செக்கனுக்கு 15 சென்ரிமீற்றர் அளவில் இறங்கும். மூன்று மீற்றருக்கு 20 செக்கன். ஆட்கள் நடமாடும் வழி என்றால் முதலில் தலைக்கு மேல் உயரம்வரை இறங்கிப் புகையைத் தடுத்து நின்று, சற்றுப் பொறுத்துத்தான் முழுக்க இறங்குமாறு அமைப்பார்கள். அகப்பட்டவர் திரையைக் கொஞ்சம் உயர்த்தி வெளியேற இரு பக்கமும் சுவிட்ச் இருக்க வேண்டும். கையை எடுத்தால் அது தானே மீண்டும் இறங்கும்.

இறங்கிய திரையைத் தீ தள்ளும். எரியும் அறையின் கீழ்ப்பகுதி வெளிக்காற்றை உள்ளே இழுக்கும், மேற்பகுதி சூடான வாயுவை வெளியே தள்ளும். உயரம் ஒரு மீற்றர் கூடக்கூட அந்த அமுக்கம் 8 பஸ்கால் அளவில் ஏறும். மூன்று மீற்றர் திரையின் மேல் விளிம்பில் 20 பஸ்காலை எட்டும். ஒவ்வொரு சதுர மீற்றரிலும் 2 கிலோ எடையை வைத்துத் தள்ளியது போன்றது அது. துணியின் எடையோ சதுர மீற்றருக்கு ஒரு கிலோகூட இல்லை. அதனால்தான் துணியின் ஓரத்தில் தடித்த விளிம்பு வைத்து, பக்கச் சட்டத்தின் பள்ளத்தை விட்டு வெளியே வராதபடி மாட்டுகிறார்கள். சட்டமில்லாத தீத்திரை என்று யாராவது விற்க வந்தால், வாங்காதீர்கள்.

இவ்வளவும் சரியாக நடந்தாலும் ஒற்றைத் துணித் திரை ஒரு விடயத்தைச் செய்யாது. இதைக் கடைக்காரர்களிடம் யாரும் விளக்கமாகச் சொல்வதில்லை என்பது எனக்குப் பெரிய கவலை. அது தீச்சுவாலையை மறிக்கும், வெப்பத்தை முழுதாக மறிக்காது. 945 பாகையில் உள்ள தீ சதுர மீற்றருக்கு ஏறக்குறைய 125 கிலோவாற்று வெப்பக் கதிர்ப்பை வீசும். நடுவே நிற்கும் மெல்லிய துணி அதை வாங்கிச் சூடாகி, தீப்பக்கம் பாதியும் மறுபக்கம் பாதியுமாகத் திரும்ப வீசும். எளிய கணக்கில் துணியின் வெப்பநிலை 750 பாகையை எட்டும், மறுபக்கம் வருவது 60 கிலோவாற்றுக்கு மேல். மட்டக்களப்பில் உச்சி வெயில் தருவது 1 கிலோவாற்று. 2.5 கிலோவாற்றை வெறும் தோல் சில நிமிடங்களுக்கு மேல் தாங்காது. திரை இறங்கியபின் அதன் பக்கத்தில் நிற்கலாம் என்று நினைப்பவர் வெந்துபோவார். திரையிலிருந்து ஒரு சாண் தள்ளி அடுக்கிய துணிகள் தீச்சுவாலை தொடாமலே பற்றும்.

திரையின் சோதனைச் சான்றிதழில் இதற்கான ஆங்கில எழுத்துகள் இருக்கின்றன. ‘ஈ’ (E) என்றால் சுவாலையும் சூடான வாயுவும் கடக்காது. வெப்பத்தைப் பற்றி அது ஒன்றும் சொல்லாது. ‘ஈடபிள்யூ’ (EW) என்றால் ஒரு மீற்றர் தள்ளி அளக்கும் கதிர்ப்பு 15 கிலோவாற்றைத் தாண்டாது. ‘ஈஐ’ (EI) என்றால் மறுபக்கத்து மேற்பரப்பின் வெப்பநிலை தொடக்கத்தில் இருந்ததைவிடச் சராசரியாக 140 பாகைக்கு மேல் கூடாது. பக்கத்தில் வரும் எண் நிமிடங்கள். ‘ஈ 120’ என்ற திரையை வாங்கிவிட்டு இரண்டு மணித்தியாலம் அதன் பக்கத்தில் பாதுகாப்பாக நிற்கலாம் என்று நம்புவது உயிர் போகும் தவறு. வெளியேறும் வழி திரையை ஒட்டிப் போகிறது என்றால் ‘ஈஐ’ தான் வேண்டும். அதற்குத் துணியை அடுக்காகப் போடுகிறார்கள். இடைவெளி விட்டு ஒரு திரை நின்றால் கதிர்ப்பு பாதி, இரண்டு நின்றால் மூன்றில் ஒன்று, மூன்று நின்றால் நாலில் ஒன்று. வெப்பத்தில் பொங்கி நுரைக்கும் பூச்சும் சேர்ப்பதுண்டு. எல்லாம் விலையைக் கூட்டும். கூட்டினாலும் அந்த இடத்தில் அது தேவை.

இனி, திரையைத் தோற்கடிக்கும் சாதாரண விடயங்கள். 1903 டிசம்பர் 30 அன்று சிக்காகோவின் இரோகுவா அரங்கில் பகல் காட்சி நடக்கும்போது மேடையில் தீப்பிடித்தது. கல்நார்த் திரையை இறக்கினார்கள். அது முழுக்க இறங்காமல் நடுவழியில் சிக்கி நின்றது. அடியில் கிடந்த இடைவெளியால் தீ பார்வையாளர் பக்கம் பாய, 602 பேர் இறந்தார்கள், பெரும்பாலும் பெண்களும் பிள்ளைகளும். பின்னர் பார்த்தபோது அந்தத் திரையில் கல்நாரைவிட மரக்கூழே அதிகம் இருந்தது.

நமது கடைகளில் சிக்க வைக்கப் பொருள் தேட வேண்டியதில்லை. பெருநாள், தீபாவளி, பொங்கல் காலங்களில் படிக்கட்டு ஓரமெல்லாம் பெட்டிகளும் பொம்மைகளும் மலிவு விற்பனைத் தட்டுகளும் வந்துவிடும். திரையின் அடிச்சட்டம் ஒரு துணிக்கட்டின் மேல் உட்கார்ந்தால், அந்தக் கட்டின் உயரத்துக்கு நீளம் முழுவதும் வாசல் திறந்தே இருக்கும். அடிச்சட்டம் இறங்கும் கோட்டை நிலத்தில் சிவப்பு மையால் வரைந்து, அதன் இரு பக்கமும் ஒரு மீற்றருக்கு எதையும் வைக்காமல் காப்பது முதலாளியின் வேலை. விற்பனைப் பிள்ளைகள்மேல் அதைப் போடக் கூடாது.

அடுத்தது கரண்ட் கட். மின்சாரம் போனால் திரை இறங்க வேண்டும் என்பதுதான் அமைப்பு. சாதாரண மின்வெட்டுக்கெல்லாம் இறங்காமலிருக்க ஒரு பற்றரி வைப்பார்கள். 2022 மார்ச் இறுதியில் நாட்டில் நாளுக்கு 13 மணித்தியாலம்வரை மின்சாரம் இருக்கவில்லை. சில மணித்தியாலம் தாங்கும் பற்றரி அப்படியான நாளில் தீர்ந்துவிடும், திரை வியாபார நேரத்தில் இறங்கும். எரிச்சலில் யாராவது அடிச்சட்டத்துக்குக் கீழே ஒரு மரக்கட்டையை முட்டுக் கொடுத்தால், மின்சாரம் திரும்பி வந்தபிறகும் அந்தக் கட்டை அங்கேயே நிற்கும். பெரிய பற்றரியோ ஜெனரேற்றரோ முதலிலேயே போட்டுவிடுவது அந்தக் கட்டைக்கு இடம் வைக்காது.

கடலும் நமக்குப் பக்கத்திலேதான். உப்புக் காற்றுச் சாதாரண உருக்கைத் தின்னும். கச்சான் காலத்துத் தூசி சட்டப் பள்ளங்களில் படியும். கல்முனையிலும் மட்டக்களப்பிலும் பக்கச் சட்டத்துக்குத் துருப்பிடிக்காத உருக்கைக் கேட்டு வாங்குவது வீண்செலவு ஆகாது. விற்பவர் காட்டும் சோதனை அறிக்கை துணிக்கு மட்டுமா, பெட்டி, உருளை, சட்டம், மோட்டார் எல்லாம் சேர்த்துப் பூட்டிய முழுத் திரைக்கா என்றும், எத்தனை மீற்றர் அகலத்துக்கு என்றும் வாசித்துப் பாருங்கள்.

மாநகர சபையின் தீயணைப்பு வண்டி 110 இற்கு அழைத்து வந்து சேரும்வரை அந்தத் திரை நின்றாக வேண்டும். அதனால் மாதம் ஒருமுறை, கடை பூட்டியபின், மின்சாரத்தை நிறுத்திப் பற்றரியையும் கழற்றித் திரையை இறக்கிப் பாருங்கள். நிலத்தைத் தொட எத்தனை செக்கன் எடுத்தது என்று ஒரு கொப்பியில் திகதியோடு எழுதி வையுங்கள். 20 செக்கனில் இறங்கிய திரை 35 செக்கன் எடுக்கத் தொடங்கினால் சட்டத்தில் துருவோ தூசியோ பிடித்துவிட்டது. திருத்துபவரை அந்த வாரமே கூப்பிடுங்கள்.